சன்ஸ்கிரீன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முகம் சிவந்து, தடித்து, எரிய ஆரம்பித்த பிறகுதான் பலர் சன்ஸ்கிரீனில் என்ன இருக்கிறது என்றே பார்க்கிறார்கள். அதற்குள் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். பில்லோ, வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

எளிதில் அரிப்பெடுக்கும் தோலுக்கு மினரல் சன்ஸ்கிரீன் நல்லதுதான். அதில் வெயிலைத் தடுப்பவை ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு இரண்டு மட்டுமே. இவற்றால் ஒவ்வாமை வருவது அரிது. ஆனால் முன்பக்கம் ‘ஜிங்க்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் ஆக்சிபென்சோன், ஆக்டோகிரிலீன், எத்தில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட் என்று ரசாயனங்களையும் சேர்த்திருப்பார்கள். இவை இருந்தாலோ, பெர்ஃப்யூம் என்று இருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். 30 கிராமுக்குக் குறைந்த டியூபில் சேர்மப் பட்டியல் கட்டாயமில்லை என்று விதியே சலுகை தருகிறது. பட்டியல் இல்லாததை வாங்காதீர்கள்.

எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது. மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ளது மேல். வாங்கியதும் முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறம் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள்.

நம் நாட்டில் சன்ஸ்கிரீன் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். இல்லையென்றால் தொடாதீர்கள்.

பாதிப்பு வந்தால் உடனே நிறுத்தி, தோல் மருத்துவரிடம் போய் எழுத்தில் சான்று வாங்குங்கள். கடையில் கேட்டு ஸ்டீராய்டு கிரீம் தடவாதீர்கள். மிச்ச டியூபையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பகுதிக்கான மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வாயால் சொன்னால் ‘பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு. அதை அவர் பயன்படுத்த வேண்டும்.

இழப்பீட்டுக்கு வழி வேறு. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான். தயவுசெய்து பில் கேட்டு வாங்குங்கள்.