பளபளப்பு தரமாகுமா?

பருப்பு வணிகத்துக்குப் பெயர்போன ஊர் விருதுநகர். கடையில் மின்னும் துவரம் பருப்புக்குப் பக்கத்தில், நாம் உடைத்த பாலிஷ் போடாத பருப்பு மங்கலாகத்தான் தெரியும். ‘பழைய சரக்கா?’ என்று கேட்டே விலையைக் குறைப்பார்கள்.

வழுவழுப்பான பரப்பில் படும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும். சொரசொரப்பான பரப்பில் நாலாபக்கமும் சிதறும். பரப்பின் மேல் தெரியும் வெள்ளைப் புள்ளி எவ்வளவு பிரகாசம், எவ்வளவு கூர்மை, தலையை அசைத்தால் நகர்கிறதா என்று பார்த்துத்தான் நம் மூளை ‘பளபளப்பு’ என்று முடிவு செய்கிறது. சிவகாசி காலண்டரில் வார்னிஷ் பூசியதும் படம் பளிச்சென்று ஆவது இதனால்தான், மை மாறுவதில்லை.

பருப்பும் அப்படியே. ஆலையில் தண்ணீரோ எண்ணெயோ தொட்டுத் தேய்க்கும்போது மேல்தூள் நீங்கி, பரப்பு வழுவழுப்பாகிறது. புரதம் கூடுவதில்லை.

வெளிச்சமும் ஏமாற்றும். ஒற்றை பல்பின் கீழ் மின்னும் பருப்பு, மேகமூட்டத்தில் மங்கிவிடும். ஆகவே, இரண்டு மாதிரிகளையும் பகலில், நிழலில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வண்டுத் துளை, உடைசல், ஈரப்பதம், வேகும் நேரம் ஆகியவற்றைச் சொல்லி விலை பேசுங்கள். பொட்டலத்தில் ‘பாலிஷ் போடாதது’ என்று பெரிதாக எழுதுங்கள். மங்கலுக்குக் காரணம் தெரிந்தால், வாங்குபவருக்குச் சந்தேகம் குறையும்.