அங்கீகாரம் என்னும் ஒரு சொல்



அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையைச் சுற்றிலும் செம்மண் நிலம். அந்நிலத்தில் முந்திரித் தோப்புகள் மிகுதி. சென்ற கோடையில் நான் அவ்வூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, முந்திரி வாணிகம் செய்யும் பெரியவர் ஒருவர் தம் மகளுடன் என்னைக் காண வந்தார். அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். கணிப்பொறிப் பொறியியல் பயில விரும்பினாள். பெரியவர் மூன்று கல்லூரிகளின் விளக்கக் கையேடுகளை என்முன் பரப்பினார். மூன்றிலும் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

“தோப்பை ஒத்தி வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும், ஐயா. மூன்றும் அங்கீகாரம் பெற்றவை என்றால் எதை நம்புவது?” என்று அவர் கேட்டார்.

குழப்பத்திற்குக் காரணம் அவரல்லர்; நம்முடைய சொல்தான். வெவ்வேறான நான்கு செய்திகளை நாம் ‘அங்கீகாரம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒரு பொறியியற் கல்லூரியை நடத்துவதற்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அளிக்கும் இசைவு ஒன்று. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி கொண்டுள்ள இணைப்பு மற்றொன்று. கல்லூரி முழுவதையும் மதிப்பிட்டு, ‘நாக்’ எனப்படும் பெங்களூர் அவை தரும் தரச்சான்று மூன்றாவது. நான்காவதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் தரும் சான்று. இவ்வாரியம் 1994-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவின்கீழ்த் தோன்றி, 2010-இல் தன்னாட்சி பெற்றது. இதன் சான்று கல்லூரிக்கு உரியதன்று. ஒரு குறிப்பிட்ட பட்டப்படிப்புக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. ஒரே வளாகத்தில் இயந்திரவியலுக்குச் சான்று இருக்கலாம், கணிப்பொறியியலுக்கு இல்லாதிருக்கலாம்.

பெரியவருக்கு இதனை விளக்க அவர் தொழிலே எனக்குக் கைகொடுத்தது. முந்திரிப் பருப்பை 180, 240, 320 என்று தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? 240 என்றால், ஒரு பவுண்டு எடையில் ஏறத்தாழ அத்தனை முழுப் பருப்புகள் நிற்கும் என்பது பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும், விலையும் ஏறும். வாங்குகிறவன் பருப்பைத்தான் எண்ணுகிறான். உடைத்த கொட்டகையின் கூரை ஓடா, தகரமா என்று கேட்பதில்லை. முன்னாளில் கல்லூரிகளை அளந்தவர்கள் பெரும்பாலும் கூரையையே பார்த்தார்கள்: எத்தனை அறைகள், எத்தனை நூல்கள், எத்தனை கணிப்பொறிகள் என்று. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் நான்காண்டு பயின்று வெளியே வரும் மாணவனால் என்ன செய்ய இயலும் என்பதே இன்று முதற் கேள்வியாகியுள்ளது.

இக்கேள்வி உலக அளவில் எழுந்த கேள்வி. 1989-இல் ஆறு நாடுகள் வாஷிங்டன் உடன்படிக்கை என்ற ஒன்றைச் செய்துகொண்டன; ஒரு நாட்டில் சான்றுபெற்ற பொறியியல் படிப்பை மற்றவையும் நிகராக ஏற்கும் ஏற்பாடு அது. இந்தியா 2007-இல் தற்காலிக உறுப்பினராகி, 2014 ஜூன் மாதத்தில் முழு உறுப்பினராயிற்று. இங்கு ஒரு நுட்பம் உண்டு. வாரியத்தின் சான்று இரண்டு அடுக்குகளை உடையது. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கு. இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. வாஷிங்டன் உடன்படிக்கையின் பயன் முதல் அடுக்குக்கே உண்டு. கடல் கடந்து செல்ல எண்ணுவோர் இதனைச் சேருமுன் அறிதல் நன்று. கையேடுகள் இதனை எடுத்துரைப்பது அரிது.

சரி, மாணவனால் இயலவேண்டியவை யாவை? வாரியம் முதலில் பன்னிரண்டு கூறிற்று. சமூகம், சுற்றுச்சூழல் என்னும் இரண்டையும் ஒன்றாக்கி, அண்மையில் பதினொன்றாகத் திருத்தியது. சிக்கலைப் பகுத்தாராய்தல், தீர்வை வடிவமைத்தல், புதிய கருவிகளைக் கையாளுதல் ஆகியவை நாம் எதிர்பார்ப்பவையே. ஆனால் குழுவாக உழைத்தல், தெளிவுறப் பேசுதல், எழுதுதல், தொழில் அறம், வாழ்நாள் முழுதும் கற்றல் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. நிரல் எழுதத் தெரிந்தால் போதும் என்று இறுமாந்திருக்கும் இளைஞர்கள் இதனைச் சற்று ஊன்றிப் பார்க்கலாம்.

இப்பெரிய குறிக்கோள்களுக்கு அடியில் ஒவ்வொரு பாடத்திற்கும் சிறு குறிக்கோள்கள் உண்டு. அவற்றில் வினைச்சொல்லே உயிர். ‘மாணவன் தரவு அமைப்புகளை அறிவான்’ என்று எழுதினால், அவன் அறிந்தானா என்று எப்படி அளப்பது? ‘ஆயிரம் வியாபாரிகளின் கணக்கை வரிசைப்படுத்தத் தக்க முறையைத் தேர்ந்து, அதற்குக் காரணமும் காட்டுவான்’ என்றால் அளக்கலாம். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 1956-இல் கற்றலை ஆறு படிகளாக வகுத்தனர். 2001-இல் அது திருத்தம் பெற்றது. நினைவுகூர்தல் அடிப்படி, புரிதல், பயன்படுத்தல், பகுத்தாராய்தல், மதிப்பிடுதல் என ஏறிப் படைத்தலில் முடிகிறது. வினாத்தாளில் ஒவ்வொரு வினாவும் எந்தப் படிக்கு உரியது என்று குறிக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததே. வினாக்கள் யாவும் முதற்படியிலேயே நின்றால், மனப்பாடம் செய்தவனுக்கே பட்டம் கிடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நான் கண்ட சில கோப்புகளில், ஒரு கல்லூரியின் குறிக்கோள்கள் எழுத்துப் பிழையோடு மற்றொன்றின் கோப்பில் ஏறியிருந்தன. பார்வைக் குழு வரும் வாரத்தில் ஆசிரியர்கள் பாடத்தை விட்டுவிட்டுக் காகிதம் நிரப்புவதும் உண்டு. 240 என்ற எண் பருப்பின் அளவைச் சொல்லுமேயன்றி, சுவையைச் சொல்லாது. ஆகையால் சான்றைப் பார்த்தபின், அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைக் கண்டு, “நீங்களாக எழுதி முடித்த நிரல் எது?” என்று கேட்கும்படி அப்பெண்ணிடம் சொன்னேன்.

சான்று பெற்ற படிப்புகளின் பட்டியல் வாரியத்தின் இணையதளத்தில் உளது. அவள் செல்பேசியிலேயே தேடினாள். முதற் கல்லூரியின் சான்றுக்குக் காலம் கடந்திருந்தது. இரண்டாவதற்கு இயந்திரவியலுக்கு மட்டுமே சான்று. மூன்றாவதன் கணிப்பொறிப் படிப்புக்கு மூன்றாண்டுச் சான்று நடப்பில் இருந்தது. ஆனால் இரண்டாம் அடுக்கு. பெரியவர் இரண்டு கையேடுகளை மடித்து ஒதுக்கினார். மூன்றாவதை மகள் கையில் எடுத்து, பாடக் குறிக்கோள்கள் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று தேடலானாள்.