ஆடாத கட்டிலுக்கு ஒரு பித்தளைக் குழல்

மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு, அங்கிருந்து இன்னும் தள்ளி என்று குடும்பம் நகரும்போது கட்டிலும் கூடவே நகர வேண்டும். தாராவிச் சந்துகளில் முழுக் கட்டில் மாடியேறுவது நடக்காத காரியம். பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அதற்குப் போவதானாலும் ஒருநாள் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.

கழற்றுவது சுலபம். மறுபடி பூட்டும்போதுதான் வம்பு. ஒவ்வொரு முறை ஸ்க்ரூவை எடுத்துப் போடும்போதும் மரத்தில் விழுந்த புரி தேய்கிறது. மரத்தூள் பலகையென்றால் மழைக்கால ஈரத்தில் உப்பி, உதிர்ந்தே போகும். துளையில் தீக்குச்சியும் பசையும் திணிப்பது வழக்கமான வைத்தியம். அடுத்த வீடு வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

உருப்படியான மாற்று, இன்சர்ட் நட். சிறு உலோகக் குழல். வெளியே மரத்தைக் கவ்வும் முரட்டுப் புரி, உள்ளே போல்ட் ஏறும் நுண்புரி. ஒருமுறை மரத்தில் இறங்கிவிட்டால் பிறகு உலோகத்தோடு உலோகம்தான் உரசும்.

தேக்கு போன்ற கெட்டி மரத்துக்குக் கூரிய, மெல்லிய புரியுள்ள பித்தளை அல்லது எஃகு. பைனுக்கும் மரத்தூள் பலகைக்கும் அகலப் புரியுள்ள துத்தநாகக் கலவை போதும். சுத்தியலால் அடித்து இறக்கும் ரகம் மலிவு. ஆனால் இழுத்தால் வந்துவிடும். பலகையின் பின்பக்கம் கை எட்டுமானால் டி-நட் மேல். போல்ட்டை இறுக்க இறுக்க அது பலகையை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

துளையில்தான் சூட்சுமம். சிறிதானால் மரம் பிளக்கும். பெரிதானால் போல்ட்டோடு இன்சர்ட்டும் சுற்றும். தேவையான அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், அதே மரத்தின் கழிவுத் துண்டில் முதலில் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பித்தளையை ஸ்க்ரூடிரைவரால் திருகினால் காடி உடையும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அந்த போல்ட்டில் இன்சர்ட்டை மாட்டி ஸ்பேனரால் திருகினால் நேராக இறங்கும். புரியில் கொஞ்சம் மெழுகு தடவலாம். பலகையின் மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். மேலே துருத்தினால் இணைப்பு சேராது.

சட்டத்தின் வெட்டு முனையில் மட்டும் இது வேண்டாம். அங்கே நார் பிடிப்பதில்லை. குறுக்கே துளைத்துச் செருகும் உருளை நட்டுதான் சரி.

கழற்றிய போல்ட்களைத் துணிப்பையில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிடுவது உத்தமம். டெம்போவில் தொலைந்ததற்குப் பதிலாக வேறு புரியுள்ள போல்ட்டைத் திணித்தால் இன்சர்ட்டின் உள்புரியும் போய்விடும்.