மானுக்குக் காவல் உண்டு, கோழிக்கு?

மார்கழி பிறந்தால் நகரத்துப் பெண்மணிகளுக்கு வாசல் கோலமும் வெண்பொங்கலும் சங்கீதக் கச்சேரியும் நினைவுக்கு வரும். காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாற்றை அடுத்து, பத்திரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற அம்பகரத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்கோ இவற்றோடு ஒரு கவலையும் சேர்ந்து வரும். கொல்லைப்புறத்துக் கோழிகள் பிழைத்துக் கிடந்து தைப் பொங்கலைப் பார்க்குமா என்பதுதான் அந்தக் கவலை!

கோழிக்காக ஒரு கவலையா என்று சிரித்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பிறகு மார்கழிப் பனி. சம்பாப் பயிருக்குக் களையெடுப்பு முடிந்துவிட்டால், தை அறுவடை வரை வயலில் கூலி வேலை குறைவு. அந்த இடைக்காலத்தில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் திடீர்ச் செலவுக்கும் கைகொடுப்பது எது? முட்டையையும் சேவலையும் விற்று, அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்த சிறுவாட்டுப் பணம்தான். நிலம் கணவன் பெயரில் இருக்கலாம். மாடு மாமனார் பெயரில் இருக்கலாம். கோழி மட்டும் வீட்டுக்காரியின் சொந்தச் சொத்து.

வேட்டை ஓய்ந்த கதை

அமெரிக்கா போன்ற தேசங்களில் குளிர்காலம் நெருங்கும்போது கிராமத்தார் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்புவார்கள். கிடைத்த இறைச்சியை உறைய வைத்து மாதக்கணக்கில் சமைப்பார்கள். கொல்லையில் கோழியும் வளர்ப்பார்கள். நம் காவிரிக் கடைமடையில் கோழி உண்டு, வேட்டை கிடையாது. அம்பகரத்தூரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை வயல்கள்தாமே? மானுக்கு அங்கே ஏது இடம்?

மானைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாம் கடந்து கோடியக்கரைக்குப் போக வேண்டும். முறுக்கிய கொம்பும் கரிய மேனியுமாகக் கலைமான்கள் துள்ளும் இடம் அது. அங்கத்தியர் அதை வெளிமான் என்பார்கள். புள்ளிமான் தன் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும்; வெளிமானுக்கு ஒரே கொம்புதான், ஆயுள் முழுவதும். ஒரு காலத்தில் இந்தியச் சமவெளியெங்கும் மந்தை மந்தையாகத் திரிந்த இந்த ஜீவன், துப்பாக்கியும் ஜீப்பும் சேர்ந்து துரத்தியதில் அருகிப் போயிற்று. 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆயிற்று. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை!

சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும், புயலைத் தடுக்குமா? 2018 நவம்பர் 16-ல் கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்தன. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மான்கள் சில, காரைக்கால் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கின. அதைப் பத்திரிகைகளில் படித்து நாடே பரிதாபப்பட்டது. அதே புயலில் எத்தனையோ வீடுகளின் கோழிகளும் ஆடுகளும் மாண்டன. அவற்றை இழந்த வீட்டுக்காரிகளைத் தவிர அவற்றுக்காகக் கண்ணீர் விட்டவர் யார்?

மானுக்குச் சட்டமும் வனக்காவலரும் காவல். கோழிக்கு வீட்டுக்காரி ஒருத்திதான் காவல்.

இருபத்தொரு நாள் தவம்

அந்தக் காவல் சாமானியமான காரியமல்ல. பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தேர்ந்தெடுத்து, மண் பரப்பிய கூடையில் அடை வைப்பார்கள். ஒரு வாரம் சென்றதும் இருட்டில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய இரத்த நாளங்கள் தெரியும். தெரியாவிட்டால் அது கூமுட்டை, எடுத்துவிட வேண்டியதுதான். 21-ஆம் நாள் ஓடு உடைத்துக் குஞ்சுகள் வெளிவரும்.

மழைக்காலத்தில் பொரித்த குஞ்சுக்குச் சத்துருக்கள் பலர். மேலே பருந்து, கீழே கீரி, இரவில் மரநாய். இவற்றைவிடப் பெரிய சத்துரு ஈரம். பஞ்சாரத்தின் அடியில் தரை நனைந்திருந்தால் குஞ்சு விறைத்துப் போகும். இரத்தக் கழிச்சலும் வந்து சேரும். அதனால் தரையில் காய்ந்த உமியைப் பரப்பி, நனைந்ததும் மாற்றுகிறவள் கெட்டிக்காரி. பானையில் சாணமும் வைக்கோலும் நனைந்த கோணித் துண்டும் வைத்துக் கரையான் புற்றருகே இரவில் கவிழ்த்தால், காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்குக் காசில்லாத விருந்து!

ஒரு சொட்டு மருந்து

இத்தனை பாடுபட்டு வளர்த்ததை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் வியாதி ஒன்று உண்டு: வெள்ளைக் கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் தலைகாட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலையின் ராணிக்கேத் ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கும் ஆகிவிட்டது. கோழி உறங்கி வழியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வந்த பின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்க மருந்து உண்டு.

குஞ்சு பிறந்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையடியில் ஓர் ஊசி. இவ்வளவுதான்! பிறகு ஏன் கோழிகள் சாகின்றன? தடுப்பு மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு ஆகும்படி சிறு புட்டிகளில் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவள் தனியாக என்ன செய்வாள்?

தெருப் பெண்கள் ஒன்றுகூடினால் வழி பிறக்கும். ஒரு நாள் குறித்து, விடியற்காலையில் கோழிகளைத் திறந்து விடாமல் வைத்திருந்து, கால்நடை மருந்தகத்தாரை வரவழைத்தால், ஒரு புட்டியில் ஒரு தெருவே பிழைக்கும். இன்னும் இரண்டு ஜாக்கிரதைகள்: சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டி வைக்க வேண்டும். நோயில் செத்ததை வாய்க்காலில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். சாகுமுன் விற்றுவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டு ஓடுகிறவள், தன் நஷ்டத்தைப் பத்து ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறாள்.

பட்டணத்துச் சகோதரிகளே! சளிக்கு மிளகு தட்டிப் போட்ட நாட்டுக்கோழி ரசம் வைக்கும்போது, விலை அதிகம் என்று முகம் சுளிக்காதீர்கள். பண்ணைக் கோழி ஆறு வாரத்தில் தராசு ஏறிவிடும்; நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு மாதம் வேண்டும். அந்த மாதங்களில் ஈரத்துக்கும் கீரிக்கும் கழிச்சலுக்கும் நடுவே அதைக் காத்து நின்றவளின் கூலி அந்த விலையில் அடங்கியிருக்கிறது.