அங்கோர் பார்க்கப் போனவர்கள் வகுப்பறைக்குள் நுழையலாமா?

கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் மிதக்கும் கிராமங்களைப் பார்க்கப் படகில் போகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். பாதி வழியில் படகு ஒரு கடையோரம் நிற்கும். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் பாவம் என்று சொல்லிப் படகோட்டி அரிசி மூட்டையையும் நோட்டுப் புத்தகக் கட்டையும் காட்டுவார். விலை ஊருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. வாங்கிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தால் பாடம் நின்றுவிடும். பிள்ளைகள் எழுந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். கொடுத்த மூட்டை மறுபடி அதே கடைக்கே போய்ச் சேர்கிறது என்று பயணிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறார்கள்.

பத்து இருபது டாலர் ஏமாந்தது போகட்டும். பாடம் நின்ற அந்த நேரம் யாருடையது? கம்போடிய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல, ஷிப்டு முறையில் நடப்பவை. ஒரு பிள்ளைக்குக் காலை அல்லது பிற்பகல், ஏதாவது ஒரு பாதி நாள்தான் பள்ளி. அதில் அரை மணி நேரத்தை விருந்தாளிக்குக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

மீதிப் பாதி நாளைக் குறிவைத்து, அங்கோர் வாட் இருக்கும் சியாம் ரீப் நகரைச் சுற்றித் தொண்டு நிறுவனங்களின் ஆங்கிலப் பள்ளிகளும் மழலையர் வகுப்புகளும் முளைத்தன. அவற்றில் ஒழுங்காக நடப்பவையும் உண்டு. சிக்கல், வெளிநாட்டுத் தொண்டர்களை நம்பியே நடப்பவற்றில்தான். தொண்டர் என்ற பெயர் இருந்தாலும், ஏற்பாடு செய்யும் கம்பெனிக்கு அவர் பணம் கட்டிய வாடிக்கையாளர். அவருக்கு இரண்டு வாரம்தான் விடுமுறை என்றால் பாடமும் இரண்டு வாரம்தான். அடுத்தவர் வந்து திரும்பவும் ஏபிசிடியில் தொடங்குவார். முந்தியவர் எதுவரை நடத்தினார் என்ற குறிப்புகூடப் பல இடங்களில் இருக்காது. சம்பளம் கொடுத்து உள்ளூர் ஆசிரியை ஒருவரை வைத்தால் வருடம் முழுக்கப் பாடம் நடக்கும். ஆனால் வாடிக்கையாளருக்கு வேலை இருக்காது.

கட்டட வேலையிலும் இதே கதைதான். அமெரிக்க எழுத்தாளர் பிப்பா பிடில், பள்ளி மாணவியாகத் தான்சானியா போய்த் தோழிகளோடு நூலகம் கட்டிய அனுபவத்தை 2014இல் எழுதினார். பகலில் அவர்கள் அடுக்கிய செங்கல் வரிசை அவ்வளவு கோணல். இரவில் உள்ளூர் ஆட்கள் அதைப் பிரித்து, அவர்களுக்குத் தெரியாமல் மறுபடி நேராகக் கட்டி வைத்தார்களாம். அந்தக் கொத்தனார்களுக்கே கூலி கொடுத்திருந்தால் வேலை ஒரே தடவையில் முடிந்திருக்கும்.

கோணல் சுவரை மறுபடி கட்டிவிடலாம். ரிச்சர்ட் ஹக்கிள் வழக்கு அப்படிப்பட்டதல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த இவன் இருபது வயதுகூட ஆகாதபோது மலேசியாவுக்குப் போனான். கோலாலம்பூரின் ஏழைக் குடியிருப்புகளில் தேவாலயத் தொண்டர், ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர் என்று இடம் பிடித்தான். இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் அவனை வீட்டுப் பிள்ளைபோல நம்பின. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து போலீஸ் இணையத்தில் மோப்பம் பிடித்துத் தகவல் கொடுக்க, 2014 டிசம்பரில் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் பிடிபட்டான். ஆறு மாதக் கைக்குழந்தை முதல் 12 வயதுவரையிலான 23 குழந்தைகள் தொடர்பாக 71 பாலியல் குற்றங்களை ஒப்புக்கொண்டான். 2016இல் 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மலேசியா குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. குழந்தையிடம் நைச்சியமாகப் பேசி நம்பிக்கை பெற்று வலைவிரிப்பதும் அதன்படி குற்றம்.

இந்த வழக்குக்குப் பிறகு எல்லோரும் போலீஸ் சான்றிதழ் பற்றிப் பேசினார்கள். வெளிநாட்டில் குழந்தைகளோடு வேலை செய்யப் போகும் பிரிட்டிஷாருக்கென்று சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. இந்தியர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பி.சி.சி. என்ற போலீஸ் சான்றிதழ் வாங்கலாம். கேட்டு வாங்க வேண்டியவைதான். ஆனால் சான்றிதழ் பழைய குற்றத்தை மட்டுமே காட்டும். வெளியார் எவரும் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது முதல் வெளியே அழைத்துப் போவது வரை பள்ளியின் சொந்த ஊழியரே செய்ய வேண்டும் என்ற விதிதான் காகிதத்தைவிட அதிகம் காப்பாற்றும். மழலையர் பள்ளியில் இது இன்னும் முக்கியம், நடந்ததை எடுத்துச் சொல்லும் வயது அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

பள்ளியோடு விடுதியும் சேர்ந்தால் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. 2005 முதல் 2010 வரை ஐந்தே ஆண்டுகளில் கம்போடியாவின் அனாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. உள்நாட்டுப் போர் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்ட நாட்டில் இத்தனை அனாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. பிள்ளையை ஏன் இல்லத்துக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டபோது பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம் படிப்பு. வெளிநாட்டுப் பணம் கிராமத்துப் பள்ளிக்குப் போகாமல் நகரத்து இல்லத்துக்குப் போனது, பணம் போன இடத்துக்குப் பிள்ளைகளும் போனார்கள். சில இல்லங்களில் மாலையானால் சுற்றுலாப் பயணிகள் முன் அப்சரா நடனம் ஆடிக் காட்டவும் வேண்டியிருந்தது. ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்ற பிரசாரத்தை ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இல் யுனிசெஃப் ஆதரவோடு தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

சட்டம் மெதுவாகவே வந்தது. குழந்தைகளைப் பொய்யாக அனாதையாக்கிக் காசு பார்ப்பதை நவீன அடிமை முறையின் ஒரு வகை என்று முதலில் அங்கீகரித்த நாடு ஆஸ்திரேலியா, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானம், அனாதை இல்லத் தொண்டுப் பயணங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

உரிமைகள் அதற்கு முன்பே எழுத்தில் இருக்கின்றன. 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையைக் கம்போடியா 1992இல் ஏற்றது. காரணமின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படாமல் இருப்பது 9ஆம் பிரிவு, அந்தரங்கம் 16, வன்முறையிலிருந்து பாதுகாப்பு 19, கல்வி 28. ஏழைப் பிள்ளை என்பதால் 16ஆம் பிரிவு தள்ளுபடி ஆகாது. வகுப்பில் எடுத்த படத்தை ஊர் பெயரோடு முகநூலில் போடுமுன் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆசிரியர் தலையாட்டியது போதாது. பெற்றோரும் பள்ளியும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காக நன்கொடையை நிறுத்துகிற நிறுவனத்தைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

தொண்டராகப் போகிறவர் தன் பக்கம் பார்க்க வேண்டியது முதலில் விசா. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளமில்லாத வேலை செய்வதும் சட்டவிரோதம். தனி விசா தேவையில்லை என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே விலகிவிடலாம். பணம் கட்டுமுன் அந்தப் பணத்தில் எவ்வளவு பள்ளிக்குப் போகிறது என்று எழுத்தில் கேட்கலாம், தொண்டர் வராத மாதத்தில் வகுப்பை யார் எடுக்கிறார் என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் இருப்பது பள்ளியல்ல. உருப்படியாக உதவ விரும்பும் ஆசிரியர்கள் விடுமுறையில் போய் உள்ளூர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடக் கருவி தயாரிக்கலாம், பயிற்சி தரலாம். குழந்தைகள் முன் நிற்கவே தேவையில்லை.

தவறு கண்ணில் பட்டால் கம்போடியாவில் 1280, நேபாளத்தில் 1098, கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 116, மலேசியாவில் 15999 ஆகிய உதவி எண்களை அழைக்கலாம். குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கும் எழுத வேண்டும். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் தம் குடிமக்கள் வெளிநாட்டில் குழந்தைகளுக்கு எதிராகச் செய்த பாலியல் குற்றத்தைச் சொந்த நாட்டிலேயே விசாரிக்கும், இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் இந்தியக் குற்றவியல் சட்டம் செல்லும். தேதி, இடம், பார்த்தது ஆகியவற்றை அன்றே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சம்பந்தப்பட்டவரை நேரில் மடக்கிக் கேட்பதும் வீடியோ எடுத்து வலையில் ஏற்றுவதும் வேண்டாம், அவர் சாட்சியத்தை அழித்துவிட்டு நாட்டை விட்டுப் போய்விடுவார், வீடியோவில் குழந்தையின் முகம் மட்டும் மிஞ்சும்.