வளர்ச்சிப் பட்டியலில் 15ஆம் இடம்: அங்கே உழைப்பவரின் நிலை என்ன?

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2025இல் வெளியிட்ட மனித மேம்பாட்டுப் பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகம் 15ஆம் இடத்தில் இருக்கிறது. இந்தியா 130ஆம் இடம். "அதனாலதானே நம்ம புள்ளைங்க அங்கே போறாங்க" என்று நம் வீடுகளில் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 15 என்ற எண், அங்கே வேலை செய்பவரின் ஒரு நாளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

1990இல் இந்தக் குறியீட்டுக்கு வழிவகுத்தவர் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக். பணத்தை மட்டும் பார்க்காமல் மனிதரையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்காக ஆயுள், கல்வி, தலைக்கு வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வேலை நேரம், சம்பள பாக்கி, விடுப்பு, ஓர் அறையில் எத்தனை கட்டில் என்பதெல்லாம் அதில் வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் வசிப்போரில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டினர். ஒரு சபுராளி வீட்டுக்கு அனுப்பும் பணமும் அந்த நாட்டின் வருமானமாகவே கணக்கில் நிற்கிறது. அவரே உடல் கெட்டு, விசாவை முடித்துக்கொண்டு வந்து ஊரில் வபாத்தானால், அது இந்தியாவின் ஆயுள் கணக்கில்தான் சேரும்.

அங்கே சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாளுக்கு 8 மணி நேர வேலை என்று விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று 2009 முதல் வங்கி வழியாகக் கண்காணிக்கிறார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (இப்னு மாஜா). அப்படிக் கொடுக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் ஹவுஸ் டிரைவர் வேலைக்கும் போகிறவர்களுக்குச் சட்டமே தனி.

எனவே பிள்ளையை அனுப்புமுன் நாட்டின் பெயரைவிட ஒப்பந்தத் தாளைப் பார்ப்போம். முக்கியமாக அடிப்படைச் சம்பளம். பணி முடிவில் கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் என்று அந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். ஏஜென்ட் சொல்லும் மொத்தத் தொகையை வைத்து அல்ல. மீதி விவரத்தை அதே நிறுவனத்தில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம்.