படத்தைத் திருத்த முதல் திரையைப் பாருங்கோ



தஞ்சக் கோரிக்கைக்கு ஆதாரமாகப் பலர் படங்கள் கொடுக்கிறீர்கள். உடம்பில் உள்ள தழும்புகள், சேதமான வீடு, ஊரிலிருந்து போனில் அனுப்பிய அடையாள அட்டை, பழைய கடிதங்கள் என்று பல. போன் திரை சின்னன் என்பதால், யாரோ தந்த லப்ரொப்பில் ஒரு பெரிய மொனிற்றரைக் கொழுவிப் பார்ப்பீர்கள். லப்ரொப்பில் தெளிவாகத் தெரிந்த தழும்பு அங்கே வெளிறிப்போய்க் கிடக்கும். அட்டை மஞ்சளாய்த் தெரியும். உடனே நிறத்தைக் கூட்டி, இருட்டாக்கி, சேவ் பண்ணிவிடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதேங்கோ. அநேகமாகப் பிழை படத்தில் இல்லை, திரையில்தான் இருக்கும். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மொனிற்றரில் ஒன்றுமே தெரியவில்லையா?

1. மொனிற்றரின் சின்ன லைற் எரிகிறதா என்று முதலில் பாருங்கோ. பிறகு அதிலுள்ள "இன்புற்" அல்லது "சோர்ஸ்" பட்டனை அழுத்தி, வயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறதோ அதையே தெரிவு செய்யுங்கோ.

2. விண்டோஸ் லப்ரொப் என்றால், கீபோர்ட்டில் விண்டோஸ் அடையாளம் உள்ள கீயையும் "பி" கீயையும் சேர்த்து அழுத்துங்கோ. "டுப்ளிகேற்" என்றால் இரண்டு திரையிலும் ஒன்றே தெரியும். "எக்ஸ்ரென்ட்" என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு நீளமான மேசை மாதிரி வேலை செய்யும்.

3. வயரைப் பாருங்கோ. பழைய மொனிற்றர்களில் 15 ஊசி கொண்ட வி.ஜி.ஏ. முனைதான் இருக்கும். புது லப்ரொப்களில் எச்.டி.எம்.ஐ. இருக்கும். இரண்டையும் இணைக்க, உள்ளே மாற்றி உள்ள அடப்ரர் வேண்டும். மாற்றி இல்லாத வெறும் வயர் வேலை செய்யாது. யூ.எஸ்.பி. சி ஓட்டை இருந்தாலும், எல்லா லப்ரொப்பிலும் அதனூடாகப் படம் வராது. காசு செலவழிக்க முதல் விசாரியுங்கோ.

படம் வருகிறது, நிறம் சரியில்லையா?

ஒரு சின்னச் சோதனை. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, "டுப்ளிகேற்" முறையில் இரண்டு திரையிலும் பாருங்கோ. வெள்ளை வெள்ளையாகத் தெரியாத திரையில்தான் கோளாறு.

- வி.ஜி.ஏ. வயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசியில் போகும். நீல ஊசி தொடாவிட்டால் திரை மஞ்சளாகும். பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும். சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்பச் செருகி, இரண்டு பக்கத் திருகாணியையும் முறுக்குங்கோ.
- இரண்டு திரையும் மஞ்சளாக இருந்தால் விண்டோஸில் "நைற் லைற்" போட்டிருக்கலாம். செற்றிங்ஸ், சிஸ்ரம், டிஸ்பிளே என்று போய் நிற்பாட்டுங்கோ.
- நிறம் கண்ணைக் குத்தினால் மொனிற்றரின் மெனுவில் "விவிட்" அல்லது "டைனமிக்" இருக்கும். "ஸ்ரான்டட்" ஆக மாற்றுங்கோ.
- எழுத்து மங்கலாக இருந்தால், அதே டிஸ்பிளே பக்கத்தில் ரெசொலூஷனை "ரெக்கமென்டட்" என்று எழுதியுள்ளதற்கு மாற்றுங்கோ.
- ரி.வி.யைக் கொழுவியிருந்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படலாம். ரி.வி. மெனுவில் "ஜஸ்ற் ஸ்கான்" அல்லது "ஸ்கிறீன் ஃபிற்" என்பதைப் போடுங்கோ. ஆவணத்தின் ஓரத்தில் உள்ள முத்திரை தெரியாமல் போவது இதனால்தான்.

ஆதாரப் படம் வேறு, அழகுப் படம் வேறு

கலியாணப் படத்தை எப்படியும் திருத்தலாம். ஆதாரப் படம் அப்படியல்ல. நீங்கள் கொடுக்கும் ஆவணத்தை நம்பலாம் என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது என்று 2002 ஆம் ஆண்டில் பிரித்தானிய குடிவரவு மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. நல்ல எண்ணத்தோடு நிறம் கூட்டிய படமும், "இதை ஏன் மாற்றினீர்கள்?" என்ற கேள்வியைக் கொண்டுவரும். ஒரு படத்தில் வந்த சந்தேகம் உங்கள் முழுக் கதையிலும் விழலாம்.

ஆகவே மூலப் படத்தில் கை வைக்காதேங்கோ. எழுத்து வாசிக்க வேண்டுமென்றால் ஒரு கொப்பி எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கோ. அதை வேறு பெயரில் சேவ் பண்ணி, சட்டத்தரணியிடம் இரண்டையும் கொடுத்து, எது மாற்றியது என்று சொல்லுங்கோ. முதலே மாற்றிவிட்டீர்கள் என்றாலும் மறைக்க வேண்டாம், அதையும் அவரிடம் சொல்லுங்கோ.

போன் படத்துக்குள் எடுத்த திகதியும் நேரமும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விபரம் போய்விடும், படமும் தரம் குறையும். "டொக்கியுமென்ற்" ஆக அல்லது ஈமெயிலில் இணைத்து அனுப்புங்கோ. எடுத்த இடமும் உள்ளே பதிந்திருக்கலாம். ஊரில் உள்ளவர்களின் பாதுகாப்பை யோசித்து, கண்டபடி மற்றவர்களுக்கு அனுப்பாதேங்கோ.

தழும்புப் படம் தெளிவில்லை என்றால் திருத்துவதை விட, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, ஃபில்ரர் எதுவும் போடாமல் புதிதாக எடுப்பது நல்லது. பழைய படத்தையும் அழிக்காதேங்கோ.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் லப்ரொப், சார்ஜர், வயர் மூன்றையும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கோ. தொண்டர்கள் இருந்து பார்த்துத் தருவார்கள். இதற்குக் காசு இல்லை.